காலி என்றால்

நூம்பல்
6.2.1994

அன்புள்ள அண்ணனுக்கு உத்தமன் எழுதுவது.

நானும் வனஜாவும் குழந்தை ராணியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். தில்லிக் குளிரில் உன் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? கழுத்துக்கு மப்ளர் கட்டாமல் வெளியே போகாதே.

பல்கலைக்கழகத்தில் நகரவியல் விரிவுரையாளர் வேலைக்கு உன் பெயரும் இறுதிப் பட்டியலில் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். வனஜா உடனே கேசரி கிளறிவிட்டாள். மண்ணூர்பேட்டைக் கம்பெனியில் என்னோடு ஃபிட்டராக இருக்கும் ஜேம்ஸ், "நகரத்தப் பத்தி இன்னாத்த சொல்லித் தருவாரு உங்க அண்ணாத்தே? எந்த பஸ்ஸு எங்க போவும்னா?" என்று கேட்டான். எனக்கும் அவ்வளவுதான் தெரியும், தலையாட்டிவிட்டு வந்தேன்.

நம் அப்பாவிடம் டிராக்டர் ஓட்டின ஜம்புலிங்கத்தை ஞாபகம் இருக்கும். இப்போது வெள்ளைச் சட்டை, வேன், கூடவே நாலு தடியன்கள். நம் கழனிக்குப் பின்னால் இருந்த நிலத்தையெல்லாம் வாங்கிக் கல் நட்டு 'ஜம்புலிங்கம் நகர்' என்று போர்டு வைத்துவிட்டான். பூந்தமல்லி ரோட்டிலிருந்து அவன் நகருக்குப் போக வழிதான் இல்லை. நடுவில் நம் வீடும் கழனியும் நிற்கின்றன.

போன வாரம் சொர்ணம் அக்காவின் எருமை அவன் கல்லைத் தாண்டி உள்ளே போய்விட்டது. பின்னங்கால் நரம்பை அரிவாளால் அறுத்து விரட்டினார்கள். அது முன்னங்கால்களால் இழுத்துக்கொண்டே வீடு வரைக்கும் வந்தது. அக்கா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ரத்தம் கொதித்தது. வனஜா என் சட்டையைப் பிடித்தவள் விடவே இல்லை.

பட்டா நம் இருவர் பெயரிலும் இருக்கிறது. நீ ஒரு தடவை வந்து கையெழுத்துப் போட்டால் கொடுத்துவிட்டு முகப்பேரில் ஒரு ஃபிளாட்டில் போய் உட்காரலாம் என்கிறாள் வனஜா. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. நீ என்ன சொல்கிறாய்?

உன் பதிலுக்கு வழி பார்த்திருக்கும்,
உத்தமன்


புது தில்லி
21.2.1994

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. மூச்சிரைப்பு இப்போது பரவாயில்லை. ராணி பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாளா?

இந்த வேலை எனக்கு எவ்வளவு முக்கியம் என்று உனக்குத் தெரியும். முப்பத்தெட்டு வயதாகிறது. இத்தனை வருடமும் யாராவது விடுப்பில் போனால் அந்த இடத்தில் பாடம் நடத்துகிறவனாகவே காலம் தள்ளிவிட்டேன். இறுதிக்கு ஐந்து பேரை எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தேர்வுக் குழுவுக்கும் மாணவர்களுக்கும் முன்னால் ஓர் உரை நிகழ்த்த வேண்டும். மற்றவர்கள் பெரிய பெரிய நகரங்களைப் பற்றிப் பேசுவார்கள். நான் நூம்பலைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒரு கிராமம் எப்படிப் புறநகர் ஆகிறது என்று என்னைத் தவிர அங்கே யாருக்குத் தெரியும்?

உன் கடிதத்தில் இருந்த எருமைச் செய்தி அருமையான சான்று. இப்படி நடப்பதையெல்லாம் எழுது. முக்கியமாக, நிலத்தைப் பற்றி ஜனங்கள் பேசும் சொற்களை அப்படியே எழுது. கழனி எப்போது பிளாட் ஆகிறது, யார் வாயில் ஆகிறது என்பதுதான் என் பேச்சின் உயிர்.

நிலத்தைக் கொடுக்க அவசரப்படாதே. கழனி கையை விட்டுப் போன பிறகு எந்த ஊரைப் பற்றி நான் பேசுவது? தாசில்தாருக்கு ஒரு மனு கொடுத்து வை.

ராணிக்கு என் முத்தம்.
உன் அண்ணன்,
பரந்தாமன்


நூம்பல்
27.3.1994

அன்புள்ள அண்ணனுக்கு,

வீட்டில் யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை. வெயில்தான் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. நீ சொன்னபடி மனு கொடுத்துவிட்டேன். ரசீது பத்திரமாக இருக்கிறது.

சொற்கள் கேட்டாய். கழனி என்று இப்போது யாரும் சொல்வதில்லை, 'சைட்டு'. களத்துமேடு 'பார்க்கு' ஆகிவிட்டது. ஏரிக்கரை 'லேக் வியூ'. நம் அப்பாவைப் புதைத்த இடத்துக்கு என்ன பெயர் வைப்பார்களோ தெரியவில்லை. அதைக் கேட்டு வந்தவனை வனஜா துடைப்பத்தோடு துரத்தினாள்.

மனு கொடுத்த நாலாம் நாள் நம் பம்புசெட்டுக் கொட்டகை எரிந்தது. மோட்டார் உருகிக் கட்டியாகிவிட்டது. பக்கத்தில் கட்டியிருந்த கன்றுக்குட்டியை அவிழ்க்க ஓடினேன், கயிறு கையில் வரவில்லை. அது கத்தின கத்தலை இதில் எழுத மாட்டேன். யார் வைத்தார்கள் என்று பார்த்தவன் ஜேம்ஸ். போலீசில் சொல்கிறேன் என்று கிளம்பினான். அயனம்பாக்கம் ரோட்டில் சைக்கிளை மறித்து, அந்த சைக்கிள் செயினையே கழற்றி முகத்தில் அடித்தார்கள். ஒரு கண் இன்னும் திறக்கவில்லை.

மறுநாள் ஜம்புலிங்கமே வந்தான். வனஜா கொடுத்த தண்ணியைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கேட்டான்: "இன்னா உத்தமா, ஊட்டைக் காலி பண்றியா, இல்ல நான் காலி பண்ணட்டுமா?"

அவன் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். நீ வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடேன் அண்ணா. ரயிலில் போகவர நாலு நாள்தானே.

சாப்பாட்டை வேளைக்குச் சாப்பிடு.
உத்தமன்


புது தில்லி
14.4.1994

அன்புத் தம்பிக்கு,

உனக்கும் வனஜாவுக்கும் என் புத்தாண்டு வாழ்த்து. ஜேம்ஸுக்குக் கண் எப்படி இருக்கிறது? எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்.

ஜம்புலிங்கம் சொன்னதைப் படித்துவிட்டு இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். காலி! என்ன ஒரு சொல் பிடித்துக் கொடுத்தாய்! காலி மனை, காலி இடம், வீட்டைக் காலி செய்வது. ஓர் இடத்தில் மனிதர்கள் இருக்கும்போதே நகரம் அதைக் காலி என்கிறது, பிறகு காலி செய்கிறது. என் உரைக்குத் தலைப்பே இதுதான்.

ஆனால் நீ இதற்குப் பயப்படக் கூடாது. ஜம்புலிங்கம் யார் உன்னைக் காலி பண்ண? பட்டா நம் பெயரில் இருக்கிறது. கோர்ட் உத்தரவு இல்லாமல் யாரும் யாரையும் காலி பண்ண முடியாது. அவன் மறுபடி கேட்டால் 'உன்னால் முடிந்தால் பண்ணிப் பார்' என்று நேராகவே சொல். மனு என்ன ஆயிற்று என்று கேட்டு இன்னொரு மனு கொடு. தேர்வு ஜூலை பதினொன்றாம் தேதி. அது முடியும்வரை நான் இங்கிருந்து நகர முடியாது. வேலை கிடைத்துவிட்டால் பல்கலைக்கழகத் தாளில் கலெக்டருக்கே எழுதுகிறேன். அதற்கு மதிப்பு வேறு.

தைரியமாக இரு.
பரந்தாமன்


நூம்பல்
29.5.1994

அண்ணனுக்கு,

நலம். கையெழுத்துக் கோணலாக இருக்கும், இடது கையால் எழுதுகிறேன். வலது கை கம்பெனியில் மெஷினில் மாட்டிக்கொண்டது. இரண்டு விரல் போய்விட்டது. மற்றபடி ஒன்றும் இல்லை.

இரண்டாவது மனுவும் கொடுத்துவிட்டேன். அவன் லேஅவுட்டுக்கு அனுமதியை நிறுத்தி வைத்துவிட்டார்களாம். நீ சொல்லச் சொன்ன பதிலையும் ஜம்புலிங்கத்திடம் சொல்லிவிட்டேன்.

நீ நன்றாகப் பேசு. பயப்படாமல் பேசு.
உத்தமன்


புது தில்லி
12.6.1994

அன்புத் தம்பிக்கு,

படித்ததும் துடித்துப்போனேன். மெஷினில் நிற்கும்போது என்ன கவனம் உனக்கு? புண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். கம்பெனியில் நஷ்டஈடு கேள், விடாதே.

அனுமதியை நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தி பெரிய வெற்றி. பார்த்தாயா? காகிதத்துக்கு அரிவாளைவிட பலம் உண்டு. இந்த வரியையும் என் பேச்சில் சேர்க்கப் போகிறேன்.

கண்ணாடி முன்னால் நின்று தினமும் பேசிப் பழகுகிறேன். பக்கத்து அறைக்காரன் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைக்கிறான்.

கை ஆறும்வரை வேலைக்குப் போகாதே.
பரந்தாமன்


நூம்பல்
24.6.1994

மாமாவுக்கு வனஜா எழுதுவது. அனேக நமஸ்காரம்.

உங்கள் உடம்பு சுகம்தானே? இந்தக் கடிதம் எழுதுவது உங்கள் தம்பிக்குத் தெரியாது. தெரிந்தால் என்னைக் கொன்றுவிடுவார்.

கையெழுத்துப் போட ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள் மாமா. எல்லாவற்றையும் எழுதக் கூடாது என்று குழந்தை தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார். மெஷினில் மாட்டினது என்று எழுதியிருக்கிறார். நான் அதற்கு மேல் எழுத மாட்டேன். கம்பெனி மெஷின் வீட்டு வாசலுக்கா வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தேர்வு பெரிதுதான். இருந்தாலும் வாருங்கள்.
வனஜா


புது தில்லி
11.7.1994, மாலை

அன்புத் தம்பிக்கும் வனஜாவுக்கும்,

கை ஆறிவிட்டதா? வனஜா, உன் கடிதம் கிடைத்தது. எனக்கும் மனது சரியில்லை. பதினைந்தாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். போதுமா?

இன்று பேசினேன். அரங்கம் நிறைந்திருந்தது. ஜம்புலிங்கத்தின் அந்த ஒரு வாக்கியத்தை முதலில் தமிழிலேயே சொல்லிவிட்டு நிறுத்தினேன். எருமை, கன்றுக்குட்டி, பம்புசெட் எல்லாம் சொன்னேன். நம் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கண் கலங்கி இன்றுதான் பார்த்தேன்.

குழுவில் ஒரு வயதான அம்மையார் இருந்தார். "அந்தச் சொல்லில் கொலை மிரட்டல் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். "இல்லை அம்மா, அது குடியிருப்பு சம்பந்தமான சாதாரணச் சொல், வெளியேற்றுவது என்று மட்டும்தான் பொருள்" என்று விளக்கினேன். தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

முடிந்ததும் துறைத் தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உத்தரவு வர ஒரு மாதம் ஆகுமாம், ஆனால் வேலை எனக்குத்தான். உத்தமா, பாதி வேலை உனக்குச் சேர்ந்தது.

நேரில் பார்க்கும் ஆவலுடன்,
பரந்தாமன்


தந்தி
12.7.1994

உத்தமன் இறந்துவிட்டார். உடனே புறப்படவும்.
ஜேம்ஸ்


புது தில்லி
18.9.1994

அன்புள்ள வனஜாவுக்கு,

நீயும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூட எனக்குக் கை வரவில்லை. காரியம் முடிந்து நான் கிளம்பும்வரை நீ என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதில் தப்பு இல்லை.

போன மாதம் வேலையில் சேர்ந்தேன். குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறார்கள், இரண்டு அறை. நீங்கள் இருவரும் இங்கே வந்துவிடுங்கள். ராணியை நல்ல பள்ளியில் சேர்க்கிறேன். ஜம்புலிங்கம் ஜாமீனில் வந்துவிட்டான் என்று ஜேம்ஸ் எழுதியிருந்தார். அந்த நிலம் நமக்கு வேண்டாம். அவனுக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம். இன்னொரு உயிர் போகக் கூடாது.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. ராத்திரி படுத்தால் அதுதான் வருகிறது. கொல்லுவேன் என்று அவன் மிரட்டியிருந்தால் உத்தமன் ஏன் எனக்கு எழுதவில்லை? காலி பண்ணச் சொல்கிறான் என்றுதானே எழுதினான்? ஒரு வரி எழுதியிருந்தால் தேர்வாவது மண்ணாவது என்று ஓடி வந்திருக்க மாட்டேனா?

என் உரையைப் பல்கலைக்கழகத்தில் புத்தகமாகப் போடுகிறார்கள். முதல் பக்கத்தில், 'என் தம்பி உத்தமனுக்கு' என்று அச்சிடச் சொல்லியிருக்கிறேன். என்னால் செய்ய முடிந்தது இவ்வளவுதான்.

பதில் எழுது அம்மா.
பரந்தாமன்


நூம்பல்
20.11.1994

மாமாவுக்கு வனஜா எழுதுவது.

நானும் குழந்தையும் இருக்கிறோம். பதில் எழுத ஏன் இத்தனை நாள் ஆயிற்று என்று கேட்பீர்கள். ஜெயிலில் இருந்தேன். ஜேம்ஸ் அண்ணன் ஜாமீன் எடுத்தார். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில்.

உங்கள் தம்பி எழுதினார் மாமா. அவன் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதினார். அதைப் படித்து உங்களுக்கு வீடுதான் ஞாபகம் வந்தது. உங்கள் பதில் வந்த அன்று ஜேம்ஸ் அண்ணனும் இங்கே இருந்தார். கோர்ட் உத்தரவு இல்லாமல் யாரும் யாரையும் காலி பண்ண முடியாது என்று நீங்கள் எழுதியிருந்ததை உங்கள் தம்பி சத்தமாகப் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கவே இல்லை. "எங்க அண்ணனுக்கு காலின்னா ஊடு மட்டுந்தாண்டா தெரியுது. தில்லில ஆளைக் காலி பண்ண மாட்டாங்க போல கீது" என்றார். கட்டை வண்டி ஓட்டுகிறவன், கறிக்கடைக்காரன், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், இங்கே எல்லோருக்கும் தெரிந்த அர்த்தம். இந்த ஊரிலேயே பிறந்த உங்களுக்கு மறந்துபோய்விட்டது.

விளக்கமாக எழுதுங்கள் என்று சண்டை போட்டேன். "வாணாம் வனஜா. பய்ந்துகினு போயி நின்னா அவருக்கு நாக்கு கொளறும். எங்கூட்ல ஒருத்தராவது வாத்தியாரா ஆவட்டும். அப்பால வருவாரு" என்றார். மே மாதம் வாசலில் வைத்து விரலை வெட்டினார்கள். அந்த இரண்டு விரலையும் நான்தான் பொறுக்கி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அதற்கும் மெஷின் என்று எழுதினார். நீங்கள் சொன்னீர்கள் என்று இரண்டு மனு கொடுத்தார். நீங்கள் சொன்னீர்கள் என்று 'முடிந்தால் பண்ணிப் பார்' என்று அவன் முகத்துக்கு நேராகச் சொன்னார். ஜம்புலிங்கம் அதை வேறு மாதிரிப் புரிந்துகொள்ள வழியில்லை.

கை ஆறி முதல் நாள் வேலைக்குப் போனார். சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டார். நான் எடுத்துக்கொண்டு வேலப்பன்சாவடி ஸ்டாப்புக்கு ஓடினேன். வேன் வந்து நின்றது. நாலு பேர். முதல் வெட்டை வலது கையால் தடுத்தார், அந்தக் கையில் தடுக்க விரல் இல்லை. கழுத்தில் இறங்கியது. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தார்கள். நான் தூக்கால் ஒருத்தன் மண்டையில் அடித்தேன், சோறுதான் சிதறியது. சோற்றிலும் ரத்தம். "காலி, காலி, ஏறு வண்டில" என்று ஒருத்தன் கத்தினான். அந்தச் சொல்லைத்தான் நீங்கள் அங்கே விளக்கிவிட்டு வந்தீர்கள். உங்கள் கடிதம் நாலாம் நாள் பால் ஊற்றிவிட்டு வரும்போது வாசலில் கிடந்தது.

இப்போது ஜெயில் விஷயம். அக்டோபரில் நம் கழனியில் கல் நட்டான். நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டேன். ஜம்புலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். "இன்னாம்மா, இன்னும் ஊட்டைக் காலி பண்லியா?" என்றான். முழங்காலில் போட்டேன். தேங்காய் உடைகிற மாதிரிச் சத்தம் வந்தது. விழுந்தவன் மற்றக் காலிலும் போட்டேன். அவன் ஆட்கள் ஓடி வருவதற்குள் சொர்ணம் அக்காவும் தெருப் பெண்களும் அரிவாளோடு வந்து நின்றுவிட்டார்கள். கடப்பாரையை அவன் நெஞ்சு மேலே வைத்து, "எடத்தைக் காலி பண்றியா, இல்ல நான் காலி பண்ணட்டுமா?" என்று கேட்டேன். அவனுக்கு அர்த்தம் உடனே புரிந்தது மாமா. பொடிமண்ணில் ஒன்றுக்குப் போய்விட்டான். எனக்கு அதில் சந்தோஷம்தான், அதை மறைக்க மாட்டேன்.

இனி அவன் நடக்க மாட்டானாம். என் மேலும் கேஸ் நடக்கிறது. நடக்கட்டும். அவர் கேஸில் நான்தான் கண்ணால் பார்த்த சாட்சி. அதனால் தில்லிக்கு வர முடியாது. நிலத்தை யாருக்கும் கொடுக்கவும் முடியாது. உங்கள் பங்கை ராணி பெயருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள். இந்தத் தடவை தாமதம் செய்யாதீர்கள்.

புத்தகத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். போடுங்கள். ஆனால் முதல் பக்கத்தில் அவர் பெயர் வேண்டாம். உள்ளே காலி என்ற சொல்லுக்கு அர்த்தம் எழுதியிருப்பீர்களே, அந்த இடத்தில் போடுங்கள்.

குளிர் ஆரம்பித்திருக்கும். மப்ளர் கட்டிக்கொள்ளச் சொல்லி அவர் எழுதுவார், இனி நான்தான் எழுத வேண்டும்.

வனஜா